பயாஸ் மாற்றிய கிராபிக்ஸ் கார்டில் வோல்டேஜ் கோளாறா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

குன்னூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் நின்றுபோனதும், அதுவரை இரவு பகலாக ஓடிய ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 470, 570, 580 கார்டுகள் செகண்ட் ஹேண்டில் மலிவு விலைக்கு மலையேறி வந்தன. கேம் ஆடுவதற்காக அவற்றை வாங்கிய பிள்ளைகள் உள்ளே இருக்கும் மைனிங் பயாஸை (கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் வகுக்கும், அதன் சிப்பில் எழுதிய நிரலை) எடுத்துவிட்டு, தாங்களே திருத்திய பயாஸை ஏற்றி ஓவர்கிளாக் செய்கிறார்கள், அதாவது கம்பெனி வைத்த வேகத்தை மீறி ஓட்டுகிறார்கள். அப்புறம் "அண்ணா, வோல்டேஜ் நிக்கவே மாட்டேங்குது" என்று கார்டை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் என்று எங்கிருந்து வந்தாலும் கோளாறு அதே ஏழெட்டுதான். அதையே அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே வோல்டேஜ் மூன்று இருக்கிறது: பயாஸில் நீங்கள் எழுதியது, மென்பொருள் காட்டுவது, சிப்புக்கு வந்து சேர்வது. மூன்றும் ஒன்றே என்று நம்பித்தான் பலரும் பயாஸைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் (ஃபிளாஷ் செய்கிறார்கள்). எது விலகியிருக்கிறது என்று தெரியும்வரை பயாஸில் கை வைக்காதீர்கள்.

## கை வைப்பதற்கு முன்

எந்தக் கார்டு என்று பாருங்கள். வோல்டேஜ் அட்டவணையை நேரடியாகத் திருத்த முடிகிற கார்டுகள் சிலதான். ஏஎம்டியில் போலாரிஸ் வரை, அதாவது ஆர்எக்ஸ் 400, 500 வரிசை. என்விடியாவில் மேக்ஸ்வெல் வரை, அதாவது ஜிடிஎக்ஸ் 900 வரிசை. 2016இல் வந்த பாஸ்கலிலிருந்து (ஜிடிஎக்ஸ் 10 வரிசை) என்விடியா பயாஸுக்குக் கையொப்பச் சோதனை உண்டு, கம்பெனி எழுதியதுதானா என்று கார்டே பார்க்கும். வேறு தயாரிப்பாளர் அதே மாடலுக்குப் போட்ட பயாஸை மாற்றி ஏற்றலாம், உள்ளே இருக்கும் எண்ணைத் திருத்தினால் கார்டு ஏற்காது. ஏஎம்டியின் வேகா கார்டும் அப்படித்தான் பூட்டியிருக்கும்.

மூல பயாஸைச் சேமித்தீர்களா? ஜிபியு-இசட்டில் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) ஒரு பிரதி, ஃபிளாஷ் செய்யும் கருவியிலேயே இன்னொரு பிரதி. இரண்டையும் பென்டிரைவில் போட்டு, மெமரி சிப் எந்தக் கம்பெனி (சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான், எல்பிடா) என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். இந்தப் பெயர் பின்னால் தேவைப்படும்.

மலைக்கென்றே ஒரு எச்சரிக்கை. பனிக்காலத்தில் ஊட்டியிலிருந்து பைக்கில் கொண்டுவந்த கார்டை, ஹீட்டர் ஓடும் அறையிலோ அடுப்படி ஆவி வரும் அறையிலோ உடனே பிரித்தால், பின்பக்கத் தகட்டில் விரல் வைத்தாலே ஈரம் ஒட்டும். அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுக்கக் கூடாது. கார்டைப் பையை விட்டு எடுக்காமல் இரண்டு மணி நேரம் அறையிலேயே வைத்தால் பனித்துளி பைக்கு வெளியே படியும், கார்டில் படியாது. என் மேசையில் இப்படிக் காத்துக்கொண்டு எப்போதும் ஒரு கார்டாவது கிடக்கும்.

## அறிகுறி 1: பயாஸ் ஏற்றியாகிவிட்டது, வோல்டேஜ் மாறவே இல்லை

கடைக்கு வருவதில் பெரும்பகுதி இதுதான். இதற்காக எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை.

இரட்டை பயாஸ் சுவிட்ச். சபையர் நைட்ரோ போன்ற பல கார்டுகளில் மேல் விளிம்பில் ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கும். கார்டைத் துடைக்கும்போதோ ஸ்லாட்டில் செருகும்போதோ விரல் பட்டு நகர்ந்துவிடும். நீங்கள் ஒரு சிப்பில் எழுதியிருப்பீர்கள், கார்டு இன்னொரு சிப்பிலிருந்து எழுந்திருக்கும். இப்போது ஓடும் பயாஸை ஜிபியு-இசட்டில் மறுபடி சேமித்து, நீங்கள் எழுதிய கோப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறானால் பதில் கிடைத்துவிட்டது.

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பழைய அட்டவணை. ஏஎம்டி டிரைவர், ரெஜிஸ்ட்ரியில் ஒரு பவர்பிளே அட்டவணை (வேக, வோல்டேஜ் பட்டியல்) இருந்தால் பயாஸை விட்டுவிட்டு அதைத்தான் எடுத்துக்கொள்ளும். முன்பு யாராவது மென்பொருளில் அண்டர்வோல்ட் செய்து, அதாவது வோல்டேஜைக் குறைத்துப் பார்த்திருந்தால் அது அங்கேயே கிடக்கும். ஆஃப்டர்பர்னரில் (வேகம், வோல்டேஜை மாற்றும் மென்பொருள்) சேமித்த புரொஃபைல், ஏஎம்டியின் சொந்த ட்யூனிங் பக்கம் இரண்டும் சேர்ந்து இயங்கினாலும் இதே குழப்பம்தான். சேஃப் மோடில் டிடியு என்ற நீக்கும் கருவியைப் போட்டு டிரைவரைத் துடைத்து, ஆஃப்டர்பர்னரை நீக்கி, டிரைவரை மட்டும் போட்டுப் பாருங்கள்.

மெமரி வரிசை போடும் அடிமட்டம். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. போலாரிஸில் மெமரி வேகத்துக்கு எதிரே ஒரு மில்லிவோல்ட் எண் இருக்கிறதே, அது மெமரி சிப்புக்குப் போகிற வோல்டேஜ் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த மெமரி வேகத்தில் கோர் (கார்டின் முக்கியச் சிப்) வோல்டேஜ் எதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதற்கான எல்லை அது. கோருக்கு 900 எழுதி, மெமரிக்கு எதிரே 1000 அப்படியே இருந்தால், கேம் ஓடும்போது 1000தான் கிடைக்கும். கோரை எத்தனை தடவை குறைத்து எழுதினாலும் அசையாது. மெமரி வரிசையையும் சேர்த்துக் குறையுங்கள்.

65282 போன்ற எண்கள். போலாரிஸ் பயாஸ் எடிட்டரில் முதல் (குறைந்த வேக) நிலைக்கு 750 மாதிரி சாதாரண எண்ணும், அடுத்தடுத்த நிலைகளுக்கு 65282, 65283 என்றும் பார்ப்பீர்கள். இவை மில்லிவோல்ட் கிடையாது. "இந்தச் சிப்பின் தரத்தைப் பார்த்து நீயே கணக்குப் போட்டுக்கொள்" என்று டிரைவருக்குச் சொல்லும் குறியீடு. அதனால் ஒரே பயாஸை இரண்டு 580 கார்டுகளில் ஏற்றினால் ஒன்று 1.10 காட்டும், இன்னொன்று 1.15 காட்டும். நண்பனின் கோப்பை வாங்கி ஏற்றிவிட்டு "அவனுக்கு வருது, எனக்கு வரலை" என்பவர்களுக்கு இதுதான் காரணம். உங்களுக்கு நிலையான எண் வேண்டுமென்றால் குறியீட்டை எடுத்துவிட்டு 1100 என்று நேரடியாக எழுத வேண்டும்.

மேக்ஸ்வெல் கார்டில் கதை வேறு. வேக அட்டவணையில் ஒரு வரிசையை மட்டும் உயர்த்திவிட்டு, மேலே இருக்கும் உச்ச வரம்புக் கட்டங்களைத் தொடாமல் விட்டால் கார்டு பழைய இடத்திலேயே நிற்கும். பல 970 கார்டுகளில் அந்த இடம் 1.212 வோல்ட். பாஸ்கலில் மென்பொருள் ஸ்லைடரை முழுக்கத் தள்ளினாலும் 1.093க்கு மேல் போகாது. அது கோளாறில்லை, கம்பெனி வைத்த சுவர்.

வேகா 56 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: வேகா 64இன் பயாஸை ஏற்றினால் ஹெச்பிஎம் மெமரி வோல்டேஜ் 1.25இலிருந்து 1.35க்கு ஏறும். சாம்சங் மெமரி இல்லாத கார்டில் இதைச் செய்யாதீர்கள்.

## அறிகுறி 2: எழுதியதைவிடக் குறைவாகக் காட்டுகிறது, லோடு ஏறினால் இன்னும் இறங்குகிறது

### 30 முதல் 60 மில்லிவோல்ட் வரை இறங்கினால்

விட்டுவிடுங்கள். 1150 எழுதினால் லோடில் 1.09, 1.10 என்று காட்டுவது இயல்பு. மின்னோட்டம் ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் சாயும்படிதான் அந்தச் சுற்றையே வடிவமைத்திருக்கிறார்கள். இதை "சரிசெய்ய" 1200 எழுதுபவர்கள்தான் லோடு சட்டென்று விலகும் கணத்தில் சிப்புக்கு அதிக வோல்டேஜ் கொடுத்துவிடுகிறார்கள்.

### நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல், வேகமும் சேர்ந்து இறங்கினால்

கார்டு தானாகவே அடங்குகிறது. என்விடியாவில் ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தில் பர்ஃப்கேப் (வேகத்தை எது தடுக்கிறது என்று காட்டும்) வரிசையைப் பாருங்கள். பவர் என்றால் வாட் வரம்பு, தெர்மல் என்றால் சூடு, விரெல் என்றால் வோல்டேஜ் வரம்பு. ஏஎம்டியில் வாட் எண் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். வோல்டேஜை ஏற்றியதால்தான் வாட் வரம்பைத் தொட்டிருக்கும். இங்கே நான் எல்லோருக்கும் சொல்வது, முதலில் வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள் என்பதுதான். 1150இலிருந்து 1050க்கு இறக்கினால் அதே வேகத்தில் மின்செலவு சுமார் ஆறில் ஒரு பங்கு குறையும். பல 580 கார்டுகள் குறைந்த வோல்டேஜில்தான் உச்ச வேகத்தை விடாமல் பிடித்து ஓடுகின்றன.

சூடு என்று வந்தால், சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பேஸ்ட், தெர்மல் பேட் இரண்டையும் மாற்றுங்கள். மைனிங்கில் ஓடிய கார்டில் பேட் எண்ணெய் கக்கிக் காய்ந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2240 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் மின்விசிறி சுற்றினாலும் அது அள்ளிக்கொண்டுபோகும் சூடு குறையும். அறை குளிராக இருப்பதால் கோர் வெப்பம் 65 என்று நல்லபிள்ளையாகக் காட்டும், பக்கத்தில் ஹீட்சிங்க் இல்லாத மாஸ்ஃபெட் (கோருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் சுற்றின் சிப்) கொதித்துக்கொண்டிருக்கும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் விஆர்எம் வெப்பம் தனியாக வந்தால் அதைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கீழே கொண்டுவாருங்கள்.

### மாலை வேளையில் மட்டும் இறங்கினால்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியை ஒட்டி வீடு. அந்தத் தம்பியின் 580 மூன்று முறை என் கடைக்கு வந்தது. மூன்று முறையும் என் மேசையில் மணிக்கணக்கில் ஓடியது, வீட்டுக்குப் போனதும் மாலையில் விழுந்தது. இரண்டு முறை பயாஸைத் திருத்திக் கொடுத்தேன். அது என் தவறு. மூன்றாவது தடவை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன். கேம் ஓடும்போது 8 பின் கனெக்டரின் பின்பக்கமாக மஞ்சள் ஒயரில் ஒரு முனை, கறுப்பு ஒயரில் ஒரு முனை வைத்துக் காத்திருந்தோம். 11.8. ஃபேக்டரியில் மோட்டார் எழும் சத்தம் கேட்டது, பல்பு ஒருமுறை மங்கியது, மீட்டர் 11.2க்குப் போய் வந்தது. ஸ்கிரீன் கறுத்தது. தம்பியின் அம்மா, "தினமும் இந்த நேரத்துக்குத்தான்பா லைட்டு இப்படி ஆடும்" என்றார்.

12 வோல்ட் லைன் 5 சதவீதம்வரை ஏறி இறங்கலாம், அதாவது 11.4இலிருந்து 12.6 வரை. 11.4க்குக் கீழே போனால் பயாஸைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்த வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பின்னால் சிவப்பு நிறத்தில் 115/230 சுவிட்ச் இருந்தது. அந்தச் சுவிட்ச் இருந்தால் பெரும்பாலும் ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) இல்லாத பழைய வகை, உள்ளே வரும் கரண்ட் சரிந்தால் வெளியே போவதும் சரியும். 100இலிருந்து 240 வரை தானாகவே ஏற்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டதும் நின்றுவிட்டது. பயாஸில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

சோதிக்கும் வரிசை: முதலில் வேறு பிளக் பாயிண்ட், அடுத்து ஸ்டெபிலைசர், அதற்கும் அடங்காவிட்டால் கடனுக்கு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்டுப் பார்ப்பது. கடைசியாகத்தான் புதிது வாங்குவது.

## அறிகுறி 3: காலையில் கேம் விழுகிறது, மதியம் ஒழுங்காக ஓடுகிறது

கோயம்புத்தூரில் படிக்கும்போது செட் செய்த கம்ப்யூட்டரை லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். அங்கே ஆறு மாதம் ஒரு தடவைகூட விழாத ஓவர்கிளாக், கோத்தகிரியில் ஜனவரி காலையில் கேம் திறந்த இரண்டாவது நிமிடம் விழும். திரும்பத் திறந்தால் ஓடும். "குளிர் நல்லதுதானே அண்ணா?" என்று கேட்பார்கள்.

### பாஸ்கல் அல்லது அதற்குப் பிந்தைய என்விடியா என்றால்

காரணம் குளிரேதான். இந்தக் கார்டுகள் வெப்பத்தைப் பார்த்து வேகத்தைப் படிப்படியாக மாற்றும். ஒரு படி சுமார் 13 மெகாஹெர்ட்ஸ். ஏறக்குறைய 40 டிகிரியிலிருந்தே சூடு ஏற ஏற ஒவ்வொரு படியாக இறங்கும். சமவெளியில் 35 டிகிரி அறையில் அந்த மேல் படிகளில் கார்டு சில நொடிகூட நிற்காது. இங்கே 12 டிகிரி அறையில் கேம் திறக்கும்போது கார்டு ஜில்லென்று இருக்கும், அதனால் இரண்டு மூன்று படி மேலேயே ஏறி நிற்கும். நீங்கள் சோதித்தே பார்க்காத வேகத்தில் அது ஓடுகிறது. மாற்றி ஏற்றிய பயாஸில் வாட் வரம்பும் உயர்ந்திருந்தால், பிடித்து நிறுத்த அங்கே ஒன்றுமே இல்லை.

பார்க்கும் முறை சுலபம். ஆஃப்டர்பர்னரில் பதிவை ஓடவிட்டு, காலையில் விழுந்த கணத்தின் வேகத்தையும் மதியம் நிலையாக ஓடும் வேகத்தையும் எழுதுங்கள். 25, 40 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் அதுதான். அந்த அளவு ஆஃப்செட்டை (நீங்கள் கூட்டிய வேகத்தை) குறையுங்கள். இன்னும் நல்ல வழி, வோல்டேஜ்-வேக வளைவைத் திறந்து ஒரு புள்ளியில் தட்டையாக்கிவிடுவது. அதன்பின் எவ்வளவு குளிரிலும் அந்தப் புள்ளியைத் தாண்டாது. உறைபனி விழும் மாதத்தில் ஒருமுறை சோதித்துவிட்டால் வருஷம் முழுக்க நிம்மதி.

### போலாரிஸ் என்றால்

இப்படி வெப்பப் படி வைத்து மேலே ஏறும் பழக்கம் இதற்குக் கிடையாது. காலையில் மட்டும் விழுந்தால் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். ராத்திரி ஜன்னலோரம், தரையில் வைத்த கேபினெட்டா? ஸ்லாட்டில் இருக்கும் தங்க விரல்களில் கறுப்பு அல்லது பச்சைப் படலம் இருக்கிறதா? ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, முழுதாக உலரவிட்டுச் செருகுங்கள். ரப்பரால் அழுத்தித் தேய்க்க வேண்டாம், பூச்சு போய்விடும். கேபினெட்டைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கத்துச் சுவர்களே வியர்க்கும்.

## அறிகுறி 4: ஃபிளாஷ் செய்ததும் படமே வரவில்லை

பதறி இன்னொரு பயாஸை ஏற்ற வேண்டாம். கார்டு செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சுவிட்ச் இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்து, சுவிட்சை மறுபக்கம் தள்ளி எழுப்புங்கள். விண்டோஸ் வந்த பிறகு சுவிட்சைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, மூல பயாஸை எழுதலாம்.

சுவிட்ச் இல்லையென்றால் மதர்போர்டு செட்டிங்கைப் பாருங்கள். திருத்திய பயாஸில் கையொப்பம் கலைந்திருக்கும். செக்யூர் பூட் (கையொப்பம் பார்க்கும் வசதி) இயங்கி, சிஎஸ்எம் (பழைய முறையில் எழுப்பும் வசதி) அணைந்திருந்தால் பல போர்டுகள் அந்தக் கார்டை ஏற்காது. மதர்போர்டின் சொந்த டிஸ்ப்ளேயில் கேபிளைச் செருகி, செக்யூர் பூட்டை அணைத்து, சிஎஸ்எம்மை இயக்கி, மறுபடி முயலுங்கள். ஒன்றும் வராவிட்டால் அதே டிஸ்ப்ளேயில் விண்டோஸுக்குள் போய், ஃபிளாஷ் கருவி கார்டைப் பட்டியலில் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் மூல பயாஸை எழுதிவிடலாம்.

கருவிக்கும் தெரியவில்லையா? அப்போதுதான் சிஹெச்341ஏ புரோகிராமர், அதாவது பயாஸ் சிப்பில் நேரடியாக எழுதும் பலகை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் கிளிப்போடு வரும். ஆனால் இரண்டு விஷயம். கறுப்பு நிறத்தில் வரும் மலிவுப் பலகை டேட்டா கால்களில் 5 வோல்ட் அனுப்பும், 3.3 வோல்ட் சிப்புக்கு அது ஆகாது. 3.3க்கு மாற்றியதைக் கேட்டு வாங்குங்கள். புதிய கார்டுகளில் 1.8 வோல்ட் சிப் இருக்கும், அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். சிப்பின் எண்ணை லென்ஸ் வைத்துப் படித்துவிட்டு கிளிப்பை மாட்டுங்கள். இதில் கை நடுங்குபவர்கள் கடைக்கு வந்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

### படம் வருகிறது, ஆனால் டிரைவர் ஏறவில்லை, கோட் 43 என்கிறது

ஏஎம்டி டிரைவர் திருத்திய பயாஸை மறுக்கிறது. அதற்கென்று இருக்கும் ஏடிகேஎம்டாக் பேட்சரை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிரைவரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் மறுபடி ஓட்ட வேண்டும். சில ஆன்லைன் கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இதை விரும்பாது. அப்படிப்பட்ட கேம் ஆடுபவர்கள் மூல பயாஸுக்கே திரும்புவது நல்லது.

## அறிகுறி 5: ஸ்கிரீனில் கட்டம், புள்ளி, கோடு

இதை வோல்டேஜ் என்று நினைத்துக் கோரை ஏற்றுகிறார்கள். கோருக்கு வோல்டேஜ் போதாவிட்டால் பெரும்பாலும் கேம் உறையும், ஸ்கிரீன் கறுத்துத் திரும்பும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 4101 என்ற எண்ணில் "டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை" என்று கிடக்கும். சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள் தெறித்தால் மெமரியைப் பாருங்கள்.

மைனிங்குக்காக மெமரி டைமிங்கை (மெமரி பதில் தர எடுக்கும் இடைவெளிகளை) இறுக்கிய பயாஸ் இன்னும் உள்ளே இருக்கலாம். அல்லது சாம்சங் மெமரிக்கான பயாஸை ஹைனிக்ஸ் கார்டில் ஏற்றியிருக்கலாம். கோப்பின் பெயரில் கம்பெனியை எழுதச் சொன்னது இதற்குத்தான். போலாரிஸ் கார்டில் ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் மெமரி எரர் எண்ணிக்கை தனியாக வரும். கேம் ஆடும் அரைமணி நேரத்தில் அது சுழியமாகவே இருக்க வேண்டும். எண் ஏறினால் மெமரி வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள், பிறகு மூல டைமிங்குக்குத் திரும்புங்கள்.

580 என்று வாங்கியது 2048 ஷேடர் (கணக்கிடும் அலகு) கொண்ட வகையா என்றும் பாருங்கள். 2018இல் சீனச் சந்தைக்கு வந்தது அது. முழு 580க்கு 2304. ஜிபியு-இசட்டிலேயே தெரியும். ஒன்றின் பயாஸை இன்னொன்றில் ஏற்றாதீர்கள்.

மூல பயாஸில், மூல வேகத்தில், மதர்போர்டு லோகோ வரும்போதே கட்டம் தெரிந்தால் மெமரி சிப்போ அதன் சால்டரோ போய்விட்டது. வீட்டு அவனில் சுட்டு எடுக்கும் வித்தையை முயல வேண்டாம். சிப் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கார்டின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

## அறிகுறி 6: சும்மா இருக்கும்போதும் வோல்டேஜ் இறங்கவில்லை

இரண்டு மானிட்டர், அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரா? மெமரி வேகம் மேலேயே நிற்கும், அதனால் கோர் வோல்டேஜும் மேலேயே நிற்கும். ஒரு மானிட்டரைக் கழற்றியோ 60 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தோ பாருங்கள். மெமரி 300 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் கோளாறே இல்லை. இறங்கவில்லையென்றால் பயாஸின் முதல் நிலையில் யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள். மூலக் கோப்போடு ஒப்பிட்டு அந்த ஒரு வரிசையை மட்டும் திருப்புங்கள்.

## அறிகுறி 7: லோடு ஏறியதும் கம்ப்யூட்டர் முழுதாக அணைகிறது

ஸ்கிரீன் மட்டும் கறுப்பதும், மின்விசிறி உட்பட எல்லாம் நிற்பதும் வேறு வேறு. எல்லாம் நின்றால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளக் கதவைச் சாத்துகிறது.

முதலில் யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேரே பிளக்கில் போடுங்கள். பேட்டரிக்கு மாறும்போது மட்டும் அணைகிறது என்றால், படிப்படியான அலை கொடுக்கும் மலிவு யூபிஎஸ்ஸும் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸும் ஒத்துப்போகவில்லை. ப்யூர் சைன்வேவ் யூபிஎஸ்தான் தீர்வு.

அடுத்து ஒயர். ஸ்லாட் கொடுப்பது 75 வாட், 6 பின் 75 வாட், 8 பின் 150 வாட். 6 பின்னை 8 பின்னாக்கும் அடாப்டரோ, மோலெக்ஸிலிருந்து எடுத்த இணைப்போ இருந்தால் கழற்றி வாயைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அந்த ஒயரை அன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒரே 6 பின் மட்டும் உள்ள ரெஃபரன்ஸ் (ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பு) ஆர்எக்ஸ் 480 வைத்திருந்தால் கூடுதல் கவனம். 2016இல் அது வெளிவந்தபோதே ஸ்லாட்டிலிருந்து வரம்பை மீறி மின்சாரம் இழுத்தது, அடுத்த மாதமே டிரைவரில் திருத்தினார்கள். அந்தக் கார்டில் பயாஸ் வழியாக வாட் வரம்பை உயர்த்துவது மதர்போர்டின் ஸ்லாட்டைக் கருக்கும் வேலை. அதை நான் யாருக்கும் செய்து தருவதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்து, மூல பயாஸிலும் அணைந்தால் வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாருங்கள். அதிலும் அணைந்தால் கோளாறு கார்டின் மின்பகுதியில். அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## அறிகுறி 8: கருகிய வாசனை, அல்லது கார்டு செருகினால் கம்ப்யூட்டரே எழவில்லை

இனி மின்சாரம் கொடுக்காதீர்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற அந்த ஒரு தடவையில்தான் 12 வோல்ட் நேராகக் கோருக்குள் இறங்குகிறது. அதுவரை ஒரு மாஸ்ஃபெட் மாற்றினால் பிழைத்திருக்கும் கார்டு அதோடு முடிந்துவிடும்.

கார்டைக் கழற்றி மேசையில் வைத்து மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 8 பின் கனெக்டரில் கொக்கி இருக்கும் பக்கம் கிரவுண்ட், எதிர்ப்பக்கம் மூன்று பின்கள் 12 வோல்ட். இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஓம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு ஓம் காட்டினால் ஷார்ட். அதற்குமேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

கோர் பக்கத்துச் சாம்பல் நிறச் சோக்கிலிருந்து (உள்ளே கம்பிச்சுருள் உள்ள கட்டை) கிரவுண்டுக்கு வைத்துப் பார்த்தால் ஒரு ஓம் அளவுதான் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிய சிப்புகளுக்கு அது இயல்பு. சிலர் அதை ஷார்ட் என்று நினைத்து நல்ல கார்டையே பழைய இரும்புக்காரரிடம் போட்டிருக்கிறார்கள்.

கருகிய வாசனையோ 12 வோல்ட்டில் ஷார்ட்டோ இல்லாமல், கார்டு எழுந்து, ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணின் மேல் சந்தேகம் இருந்தால், ஓடும்போது இதே சோக்கின் மேல் டிசி வோல்ட்டில் அளக்கலாம். பாஸ்கலில் ஜிபியு-இசட் காட்டுவது கார்டு கேட்கும் எண்தான், வந்து சேர்வதை மீட்டர்தான் சொல்லும். மீட்டர் முனையில் ஹீட்ஷ்ரிங்க் குழாயை மாட்டி, நுனியில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி சுருக்கிவிடுங்கள். என் மேசையில் இருக்கும் சிவப்பு முனை அப்படித்தான் இருக்கும். முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டு ஒரு 970 என் கண்முன் போன அன்று மாட்டியது. ஓடும் கார்டின் மேல் கை நிலையாக நிற்காது என்றால் இந்த அளவீட்டைச் செய்யாதீர்கள்.

## கடைக்குக் கொண்டுவரும்போது

12 வோல்ட் ஷார்ட், மூல பயாஸிலும் கட்டம் தெரிவது, புரோகிராமரிலும் சிப் படிக்காதது, மூல பயாஸில் அளந்த வோல்டேஜே 1.3ஐத் தாண்டுவது: இந்த நான்கில் எது இருந்தாலும் சிப் லெவல் வேலை. மலையில் அதற்கான மைக்ரோஸ்கோப்பும் ரீவொர்க் ஸ்டேஷனும் வைத்திருப்பவர்கள் குறைவு. நானும் அப்படிப்பட்ட கார்டுகளைக் கோயம்புத்தூருக்குத்தான் அனுப்புகிறேன்.

கொடுக்கும்போது கார்டோடு பென்டிரைவையும் கொடுங்கள்: மூல பயாஸ், நீங்கள் ஏற்றிய பயாஸ், இரண்டும். ஒரு துண்டுத் தாளில் எப்போது விழுகிறது, எந்த வேளையில், எந்த எஸ்எம்பிஎஸ், 12 வோல்ட் லைன் எவ்வளவு என்று எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கார்டோடு கட்டிவிடுங்கள். நாளிதழில் சுற்றாதீர்கள், அது ஈரத்தை இழுக்கும். கார்டு வந்த சாம்பல் நிற ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு, வாயை டேப் ஒட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.